ஞானசிங்கின் வலது கண்ணும் திரிசாகரா மருத்துவமனையும்

கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மொத்த வியாபாரம் செய்யும் ஞானசிங்கின் வலது கண் சிவந்தபோது, கிழங்கு வாங்க வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே விலை பேசினார்கள். மெட்ராஸ் ஐ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சிலர் எட்ட நின்றே காசை வீசிவிட்டுப் போனார்கள். அவர் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டினார். மருந்துக்கடையில் கொடுத்த சொட்டுமருந்து தீர்ந்தது, சிவப்பு தீரவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கண் மற்றதைவிட முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று இருந்தது. தலைக்குள் ஒரு சத்தம். அறுவை வாள் வைத்து மரத்தடி அறுப்பதுபோல இழுத்து இழுத்து, நெஞ்சுத் துடிப்புக்கு ஒத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் கடைக்குப் பின்னாலுள்ள மர அறுவை மில் என்றுதான் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் கேட்டபோது, மில் தம்முடனேயே வருகிறது என்று தெரிந்தது.

"ஏட்டி, உனக்கு வல்ல சத்தமும் கேக்குதா?" என்று பக்கத்தில் நின்ற மனைவி ஜெயபாயிடம் கேட்டார்.

"பாஸ்டருக்க சத்தம் கேக்குது. சும்மா நில்லுங்க" என்றாள் ஜெயபாய்.

வீட்டுக்கு வந்ததும் அவளே கவலைப்பட ஆரம்பித்தாள். ஐப்பசி மழையில் மத்திகோட்டு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி அவர் தலையில் தையல் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளே அவரை நாகர்கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அது 2011. திரிசாகரா சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை திறந்த புதிது. போகிற பஸ்களின் பின்புறமெல்லாம் அதன் விளம்பரம்தான் இருந்தது.

திரிசாகராவில் ஐந்து மாடிகளும் ஒரு நீரூற்றும் இருந்தன. திறந்துவைக்கப்படாத பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை. லிஃப்டுக்கு ஒரு கல்வெட்டு, ஜெனரேட்டருக்கு ஒரு கல்வெட்டு, குடிதண்ணீர்க் குழாய்க்கு ஒரு கல்வெட்டு. எல்லாவற்றிலும் சேர்மன் டாக்டர் குமாரதாஸின் பெயர் தங்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. வாசலில் பிரிஜா என்ற இளம்பெண் கைகூப்பி வரவேற்றாள். நோயாளிகளிடம் சிரிப்பதும் அவர்களை அடுத்த மாடிக்கு அனுப்புவதும் அவள் வேலை.

ஸ்கேன் எடுத்தார்கள். வலது கண்குழிக்குள் மேலே ஓடும் சிரை பெருத்திருக்கிறது என்று வந்தது. உடம்பின் மற்ற நிலைமைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்றும் கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரியைத் திரிசாகரா மிகவும் பொறுப்புடன் எடுத்துக்கொண்டது.

கண் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, கெட்டது கண்ணுக்குப் பின்னாலிருக்கும் குழாய், குழாய்கள் இருதயப் பிரிவைச் சேர்ந்தவை என்றார். இருதய டாக்டர் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, தம்முடைய குழாய்கள் கழுத்தோடு முடிந்துவிடும், அதற்கு மேல் கண் பிதுங்கினால் தைராய்டு என்றார். தைராய்டு டாக்டர் ரத்தம் எடுத்தார்.

"எல்லாம் நார்மலா இருக்கு" என்றார் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "அதான் சந்தேகமா இருக்கு."

"சாரே, எனக்க தலைக்குள்ள எப்பளும் ஒரு சத்தம் கேக்குது. தடி அறுக்கது மாதிரி" என்றார் ஞானசிங்.

"சத்தம் காதுப் பிரிவு. மூணாவது மாடி."

காது டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். காதுக்குள் எந்தச் சத்தமும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். ஒருவேளை மூக்கைச் சுற்றியுள்ள அறைகளில் சளி கட்டிச் சிரையை நெருக்கலாம் என்று மூக்குக்கும் ஒரு ஸ்கேன் எழுதினார். மூக்கு சுத்தமாக இருந்தது. ஞானசிங்குக்கு மனம் குளிர்ந்தது. கண், இருதயம், தைராய்டு, காது, மூக்கு எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று இத்தனை டாக்டர்கள் சேர்ந்து சொல்லி அவர் கேட்டதே இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நரம்பு டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர். வயதானவர். ஸ்கேன் உறையைப் பிரிக்குமுன்பே, "கண்ண மூடுங்க" என்றார். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சிறிதுநேரம் அப்படியே நின்றார்.

"தலையில அடி பட்டுச்சா?"

"ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன் சாரே."

அவர் சேர்மனை வரச்சொன்னார். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். மதுரைக்காரர் கையால் தம் கழுத்தைத் தொட்டுக் காட்டினார், கண்ணைத் தொட்டுக் காட்டினார், உடனே என்பதுபோல மேசையைத் தட்டினார். ஜெயபாய்க்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது.

அவர் போனபிறகு சேர்மனிடம் கேட்டாள். "சாரே, அவரு திருவனந்தபுரம்ணு என்னமோ சொன்னாருல்லா?"

"அதுவா? நம்ம கருத்தரங்குக்குத் திருவனந்தபுரத்துல இருந்தும் டாக்டர்களைக் கூப்பிடலாம்ன்னு யோசனை சொன்னார். நல்ல மனுஷர்" என்றார் டாக்டர் குமாரதாஸ்.

அடுத்த மாதம் மதுரைக்காரர் வரவில்லை. அவர் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஒரு செயற்கைப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

ஞானசிங் அபூர்வக் கேஸ் என்று அறிவிக்கப்பட்டார். இனி அவருக்கு எல்லாமே இலவசம். வாரந்தோறும் மருத்துவமனைக் கார் கருங்கலுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு வெள்ளைச் சுவரின் முன்னால் நிறுத்தி, கண்ணை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுப்பார்கள். பிறகு காப்பி கொடுத்துக் கொண்டுவந்து விடுவார்கள். சந்தையில் அவர் மதிப்பு உயர்ந்தது. கண்ணைப் பார்க்காமல் விலை பேசியவர்கள் இப்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள்.

"மருந்து வல்லதும் தருவாங்களா?" என்று ஜெயபாய் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஆராய்ச்சி நடக்குதாம்."

"ஆராய்ச்சி நடக்கட்டு. உங்களுக்கு என்ன நடக்குது?"

ஓசியில் பார்க்கிறவர்களை எப்படிக் கேட்பது என்ற கூச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது.

மார்கழியில் அவர் கண் பெரிதாயிற்று. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூன்று மாடி உயரத்துக்கு, ஃப்ளெக்ஸில். 'உங்கள் கண்குழிச் சிரை நலமா?' என்று அதன் கீழே எழுதியிருந்தது. முழு உடல் பரிசோதனையில் சிரை அளக்கும் புதுத் திட்டம் அது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தூக்கமின்மை, படிப்பில் கவனக்குறைவு எல்லாவற்றுக்கும் கண்குழிச் சிரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நோட்டீஸ் சொன்னது. இருக்கலாம் என்ற சொல் மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. கருங்கல்லிலிருந்து வேன் வைத்துப் போனார்கள். சந்தையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள். பழக்கடை ஏசுஅடிமை தம்முடையது எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லி மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஓய்வெடுக்கத் தொடங்கினார்.

ஞானசிங்குக்கு அந்த ஃப்ளெக்ஸ் இரண்டாகத் தெரிந்தது. பஸ்ஸும் இரண்டாகத் தெரிந்தது. தராசு முள் இரண்டாகத் தெரிந்ததால் ஜெயபாய் கடையில் வந்து உட்கார்ந்தாள். சில நாட்களில் வலது கண்ணில் புகை மூடியது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டால் அவள் முகம் தெரிந்தது, மூக்கு தெரியவில்லை.

அந்த வாரம் படமெடுக்கப் போனபோது கூச்சத்தை விட்டுச் சேர்மனிடம் சொன்னார். "சாரே, கண்ணு மங்கிட்டு வருது."

டாக்டர் குமாரதாஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "எப்ப இருந்து? பிரிஜா, போட்டோகிராபரைக் கூப்பிடு. வாரம் ஒரு படம் போதாது, தினம் எடுக்கணும்." பிறகு ஞானசிங்கின் தோளில் கைவைத்தார். "பயப்படாதீங்க. கருத்தரங்கு வரைக்கும் தாங்கும்."

தை மாதம் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த பெரிய ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. 'கண்குழிச் சிரையும் முழு உடல் நலமும்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பல ஊர் டாக்டர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்கள் சூரியோதயம் பார்த்துவிட்டு வரத் தாமதமானதால் குத்துவிளக்கு ஏற்றவும் தாமதமானது. ஏற்றியவர்கள் எல்லோருக்கும் சால்வை. சால்வை போட்டவர்களுக்கு வேறு ஆட்கள் சால்வை போட்டார்கள். மேடையில் நடுநாயகமாக ஞானசிங் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குத்துவிளக்கு இரண்டு, மைக் இரண்டு, சேர்மன் இரண்டு. கைகுலுக்க வந்தபோது இல்லாத சேர்மனின் கையைப் பிடிக்கப் போய், இருக்கிற சேர்மனின் சால்வையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

டாக்டர் குமாரதாஸ் பேசினார்.

"அன்பர்களே, கண் என்பது ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குழாய். அது வீங்கினால் வீட்டில் எங்கேயோ தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். எங்கே? தைராய்டிலா? இருதயத்திலா? மூளையிலா? மூக்கிலா? இதற்கு இன்றே விடை கண்டுவிட்டால் அடுத்த வருடம் நாம் கூடவேண்டிய அவசியமே இருக்காது. ஆகவே அவசரம் கூடாது. குணப்படுத்துவதை எந்தச் சாதாரண ஆஸ்பத்திரியும் செய்துவிடும். ஒரு நோயாளியைக் குணப்படுத்தினால் ஒருவர் பயனடைவார். ஒரு கேஸைப் பாதுகாத்தால் ஒரு தலைமுறை டாக்டர்களே பயனடைவார்கள். இந்த எளிய மனிதர் தம் கண்ணை மருத்துவத்துக்கு வழங்கியிருக்கிறார். செத்தபிறகு கண்தானம் செய்கிறவர்கள் உண்டு. இவர் முந்திக்கொண்டார்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்குப்பின் டாக்டர்கள் வரிசையில் வந்து, ஞானசிங்கின் மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்கள். சிலர் தங்கள் மனைவியரையும் கேட்கவைத்தார்கள். ரயில் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அலை மாதிரி என்றார் இன்னொருவர். இத்தனை மாதம் தாம் சொல்லி யாரும் கேட்காத சத்தத்தை இன்று ஊரே கேட்கிறது என்று ஞானசிங்குக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. கேட்ட எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனதும் அந்த ஆறுதலும் போயிற்று.

காரணம் எது என்பதில் துறைகளுக்குள் வாக்குவாதம் முற்றியது. இருதய டாக்டர் தைராய்டு டாக்டரைப் பார்த்து, உங்கள் சுரப்பிக்கு இவ்வளவு ஆசை ஆகாது என்றார். நேரமாகிறது என்று கைதூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தைராய்டு வென்றது. தோற்றவர்கள் மறுபடி எண்ணச் சொன்னார்கள்.

கடைசியில் நோயாளியும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்கு வலது கண்ணு இப்பம் செரியாட்டு தெரியல்ல, சாரே. பயமாட்டு இருக்கு" என்றார் ஞானசிங்.

அரங்கம் முழுக்கப் பேனாக்கள் ஒரே நேரத்தில் குனிந்து அதைக் குறித்துக்கொண்டன.

மத்தியானச் சாப்பாட்டில் ஜெயபாய் அவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாத மனிதன் முள்ளை விழுங்கிவிடக்கூடாதே என்ற பயம். எதிரே ஒரு மலையாளத்து டாக்டரம்மா தட்டோடு வந்து உட்கார்ந்தார். சால்வை இல்லாத ஒரே ஆள் அவர்தான். சிறிதுநேரம் ஞானசிங்கையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவருக்கு தலைக்கு அடி கிட்டியோ?"

"கிட்டிச்சு டாக்டரே. ஐப்பசியில."

"பின்ன எந்தினா இவிடெ வச்சிருக்கு? தலைக்குள்ளே நல்ல ரத்தம் போற குழல் பொட்டிப்போயி, அந்த ரத்தம் கண்ணிலேக்கு சாடிப் பாயுந்து. அதுதன்னெ சத்தம். ஓட்டையை அடச்சா மதி, போதும். திருவனந்தபுரத்து எங்கட சர்க்கார் ஆஸ்பத்திரியில செய்யும்."

"குணமாவுமா?"

"சத்தம் போவும். காழ்ச்ச, பார்வை... எத்ர நாளாச்சு மங்கித் தொடங்கிட்டு?"

ஜெயபாய் சொன்னாள். டாக்டரம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். "நாளைக்கு வரணும். நாளைக்கல்ல, இன்னைக்கே புறப்படணும்."

ஜெயபாய் கையைக்கூடக் கழுவவில்லை. கணவரை எழுப்பி நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே பிரிஜா மறித்தாள்.

"ஆன்ட்டி, செகண்ட் செஷன் இருக்கு. அங்கிள் இல்லாம முடியாது."

"அங்கிளுக்கு வயிறு செரியில்ல மக்கா. கக்கூசுக்குப் போயிட்டு வாறோம்."

கக்கூஸ் இடதுபக்கம் இருந்தது. அவர்கள் வலதுபக்கம் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பிரிஜா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கூப்பிடவில்லை.

திருவனந்தபுரத்தில் வராந்தாவில் பாய் விரித்துத்தான் இடம் கிடைத்தது. யாரும் கைகூப்பவில்லை. ஒரு கல்வெட்டுகூடக் கண்ணில் படவில்லை. தொடை இடுக்கில் சின்னதாகத் துளை போட்டு, நூல்போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டு, தலைவரைக்கும் கொண்டுபோனார்கள். ஞானசிங் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். தடி அறுத்துக்கொண்டே இருந்த வாள், ஓர் இழுப்பின் பாதியில் நின்றது. செவிடாகிவிட்டோமோ என்று முதலில் பயந்தார். பிறகு யாரோ செருப்பை இழுத்து நடப்பது கேட்டது. தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவர் அழுதார். வலிக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். "இல்ல டாக்டரே, அமைதியாட்டு இருக்கு" என்றார்.

கண் உள்ளே போயிற்று. சிவப்பு வெளுத்தது. பார்வையில் முக்கால்வாசிதான் திரும்பியது. ஓரத்தில் புகைபடிந்த ஒரு பகுதி அப்படியே தங்கிவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, ஜெயபாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பங்குனியில் பிரிஜா அழைப்பிதழோடு கருங்கல்லுக்கு வந்தாள். திரிசாகராவில் கண்குழிச் சிரை உயராய்வு மையம் திறக்கிறார்கள். கடையில் ஞானசிங் இரண்டு கண்ணும் வெளுப்பாகக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவள் அழைப்பிதழைக் கிழங்குக் குவியல்மேல் வைத்தாள். பிறகு சேர்மனுக்கு போன் போட்டுக் கொடுத்தாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காம குணமாயிட்டீங்களே" என்றார் டாக்டர் குமாரதாஸ். குரலில் உண்மையான வேதனை இருந்தது. "எத்தனை படம் எடுத்து வச்சிருந்தோம். கட்டடமே உங்க கண்ணை நம்பித்தான் எழும்பிச்சு." பிறகு குரல் தெளிந்தது. "இடது கண்ணு எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு சாரே" என்றார் ஞானசிங் குற்றவாளிபோல.

"சரி, எதுக்கும் வாங்க."

போகவேண்டாம் என்று அவர் நினைத்தார். ஜெயபாய்தான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "போவோம். கண்ணு எங்க போய் நல்லாச்சுண்ணு நாலுபேரு கேக்கட்டு."

திறப்புவிழாவில் கூட்டம் நிறைய இருந்தது. பாதிப்பேர் சிரை அளக்க வந்து, ஒவ்வொரு மாடியாக ஏறிக்கொண்டிருப்பவர்கள். கருங்கல் ஏசுஅடிமையும் கையில் ஸ்கேன் உறையோடு இருந்தார். சேர்மன் ரிப்பனை வெட்டிக் கல்வெட்டைத் திறந்துவிட்டு, ஞானசிங்கை மேடைக்கு அழைத்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"இந்தக் கண்ணைப் பாருங்கள். மாதக்கணக்கில் எங்கள் பராமரிப்பில் இருந்த கண். எங்கள் மருத்துவமனையை விட்டுப் போன மறுவாரமே இவர் முற்றிலும் குணமடைந்தார். இந்தப் பெருமை வேறு எந்த மருத்துவமனைக்கு உண்டு?"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருந்த சிலர் பாதியில் நிறுத்தி, சேர்மன் சொன்னதை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தார்கள். மேடையை விட்டு இறங்கிய ஞானசிங்கை நீரூற்றுப் பக்கத்தில் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கே போனீர், எந்த பஸ், எந்த வாசல் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. களியக்காவிளையில் இறங்கி மாறவேண்டும் என்பது முதல் பாய் கொண்டுபோகவேண்டும் என்பது வரை சொன்னார். சொல்லச் சொல்ல, அவர் மறந்ததை ஜெயபாய் சேர்த்துச் சொன்னாள்.

அவரைச் சுற்றி நின்றவர்கள் நகர்ந்தபிறகு அறிவிப்பு மைக்கோடு பிரிஜா வந்தாள். வாசல் காவலாளி பார்க்கிறானா என்று ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அங்கிள், எனக்க அம்மைக்கு ஒரு வருஷமாட்டு தலைவலி. இங்கதான் காட்டுதோம். அஞ்சு மாடியும் ஏறி இறங்கியாச்சு." கையிலிருந்த மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அந்த டாக்டரு எந்தக் கிழமையில இருப்பாங்க?"

"வியாழக்கிழமை. வெள்ளனவே போயிரணும் மக்கா" என்றார் ஞானசிங். "அம்மையை நல்லா சாப்பிட வச்சு கூட்டிட்டுப் போ."

"லீவு கேட்டா தரமாட்டாங்க."

"வயிறு செரியில்லண்ணு சொல்லு" என்றாள் ஜெயபாய்.

பிரிஜா தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மேடைக்குப் போனாள். மைக்கை வாயருகே வைத்து, அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த அந்த இனிய குரலில், விழாவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் கண்குழிச் சிரை இலவசமாக அளக்கப்படும் என்றும், தயவுசெய்து யாரும் வெளியே போய்விடவேண்டாம் என்றும் அறிவித்தாள்.